சென்னையில் மலிவுக் கட்டண வான்சேவைகள்

மலிவுக் கட்டண வான்சேவை என்பது உணவு, கூடுதல் பொதி, விரும்பிய இருக்கை முதலியவற்றைப் பயணச்சீட்டின் விலையிலிருந்து பிரித்தெடுத்து, வெறும் இருக்கையை மட்டும் குறைந்த விலைக்கு விற்கும் வான்போக்குவரத்து முறையாகும். இந்தியாவில் இம்முறை 2003 ஆம் ஆண்டு ஏர் டெக்கான் நிறுவனத்தால் தொடங்கி வைக்கப்பட்டது. இன்று நாட்டின் உள்நாட்டு வான்பயணிகளில் பெரும்பாலோர் இத்தகைய நிறுவனங்களின் வானூர்திகளிலேயே பறக்கின்றனர். மீனம்பாக்கம், திரிசூலம் பகுதிகளில் அமைந்துள்ள சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையத்துக்கு மிக அருகில் வாழ்பவர்கள் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய தென்புறநகர்ப் பகுதிகளின் மக்கள் ஆவர். எனவே இவ்வகைப் பயணத்தின் நன்மை தீமைகளை ஆராய இப்பகுதி தக்க எடுத்துக்காட்டாக அமைகிறது.

தோற்றம்

குறைந்த கட்டணத்தில் பறக்கும் முறை ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது. 1949 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பசிபிக் சவுத்வெஸ்ட் நிறுவனம் அம்மாநில எல்லைக்குள் மட்டும் பறந்து, நடுவண் அரசின் கட்டணக் கட்டுப்பாட்டிலிருந்து விலகி நின்றது. அதே வழியைப் பின்பற்றி 1971 இல் டெக்சாசில் சவுத்வெஸ்ட் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1972 இல் பணமுடையால் தன்னிடமிருந்த நான்கு வானூர்திகளில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, அந்நிறுவனம் கால அட்டவணையைக் குறைக்கவில்லை. தரையிறங்கிய வானூர்தியைப் பத்தே நிமிடங்களில் மீண்டும் புறப்படச் செய்து, மூன்று வானூர்திகளைக் கொண்டே நான்கின் வேலையை முடித்தது. இன்றைய மலிவுக் கட்டண முறையின் உயிர்நிலை இதுவே எனலாம்.

பிரித்தானியாவில் 1977 இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 'ஸ்கைட்ரெயின்' என்ற பெயரில் லேக்கர் நிறுவனம் நடத்திய மலிவுச் சேவை 1982 இல் நொடித்துப் போனது. ஆசியாவில் 2001 ஆம் ஆண்டு டோனி பெர்னாண்டசு கடனில் மூழ்கியிருந்த ஏர்ஏசியாவை ஒரு ரிங்கிட் விலைக்கு வாங்கி, அதனை மலிவுக் கட்டண நிறுவனமாக மாற்றினார்.

இந்தியாவில்

1953 ஆம் ஆண்டின் சட்டத்தால் இந்திய வான்போக்குவரத்து அரசுடைமை ஆக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் நுழைந்தன. 1994 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் கட்டணம் நடுத்தர மக்களுக்கு எட்டாமலேயே இருந்தது.

முன்னாள் படைத்துறை அதிகாரியான கேப்டன் ஜி. ஆர். கோபிநாத் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஏர் டெக்கான் 2003 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. சிறிய ஏடிஆர் வகை வானூர்திகள், சிறு நகரங்கள், இணையவழிப் பயணச்சீட்டு, முந்திப் பதிவோருக்குச் சில இருக்கைகள் ஒரு ரூபாய்க்கு என்ற விளம்பரம் ஆகியவை அதன் அடையாளங்கள். பயணச்சீட்டுகள் பெட்ரோல் நிலையங்களிலும் விற்கப்பட்டன. கேலிச்சித்திரக் கலைஞர் ஆர். கே. லட்சுமணின் 'சாமானியன்' உருவம் நிறுவனத்தின் சின்னமாக விளங்கியது. கோபிநாத்தின் தன்வரலாற்றைத் தழுவி சுதா கொங்கரா இயக்கிய சூரரைப் போற்று (2020) திரைப்படம் தமிழ்நாட்டில் இவ்வரலாற்றைப் பரவலாக அறியச் செய்தது. எனினும் அப்படத்தின் நாயகன் சோழவந்தானைச் சேர்ந்தவனாக அமைக்கப்பட்டது கற்பனையே. கோபிநாத் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தைச் சேர்ந்தவர்.

2005 இல் ஸ்பைஸ்ஜெட், கோஏர், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகியவையும், 2006 ஆகஸ்ட் 4 அன்று இண்டிகோவும் பறக்கத் தொடங்கின. ஏர் டெக்கானின் பங்குகளை 2007 இல் கிங்பிஷர் வாங்கியது; அடுத்த ஆண்டு அது 'கிங்பிஷர் ரெட்' எனப் பெயர் மாறியது; 2012 இல் கிங்பிஷரே நின்று போனது. 2014 இல் தொடங்கிய ஏர்ஏசியா இந்தியா 2024 அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரசுடன் இணைக்கப்பட்டது. ஆகாசா ஏர் 2022 ஆகஸ்டில் தொடங்கியது. இவற்றுள் இண்டிகோ மட்டும் அண்மைய ஆண்டுகளில் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் சுமந்து செல்லும் அளவுக்கு வளர்ந்துள்ளது. இவ்வாறு ஒரே நிறுவனம் பெருகி நிற்பதன் விளைவு கீழே கூறப்படும்.

வெளிநாட்டு மலிவு நிறுவனங்களைப் பொருத்தவரை, ஏர்ஏசியா இந்தியாவில் முதன்முதலில் தேர்ந்தெடுத்த ஊர் சென்னை அன்று, திருச்சிராப்பள்ளி ஆகும் (2008 டிசம்பர்). மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினரைக் கொண்ட காவிரிப் படுகை மாவட்டங்களின் மக்கள், அதுவரை பேருந்திலோ தொடர்வண்டியிலோ தாம்பரம் வந்து, அங்கிருந்து மீனம்பாக்கம் செல்ல வேண்டிய தேவை அதனால் பெரிதும் குறைந்தது.

கட்டணம் குறையும் வழி

மலிவுக் கட்டண நிறுவனம் பாதுகாப்பைக் குறைத்துத்தான் விலையைக் குறைக்கிறது என்பது பரவலான தவறான எண்ணம். பேணுகை, விமானிகளின் உரிமம், பறப்புத் தகுதி ஆகியவற்றுக்கான விதிகளை எல்லா நிறுவனங்களுக்கும் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஒன்றுபோலவே விதிக்கிறது. சேமிப்பு வேறு இடங்களிலிருந்து வருகிறது.

முதலாவது, ஒரே வகை வானூர்தி. விமானிகளின் பயிற்சி, உதிரிப் பாகங்கள், பொறியாளர்கள் ஆகிய அனைத்தும் ஒரு வகைக்கே போதும். இரண்டாவது, நெருக்கமான இருக்கைகள். உயர் வகுப்பு இல்லாததால் ஓர் ஏர்பஸ் ஏ320 வானூர்தியில் 180 அல்லது 186 பேர் அமர முடிகிறது. மூன்றாவதும் முதன்மையானதும், தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தல். வானூர்தி வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு பொருள். அது பறந்தாலும் நின்றாலும் வாடகை ஓடும். ஆகவே பயணிகள் இறங்கி அடுத்த பயணிகள் ஏறுவதற்கு 25 முதல் 30 நிமிடங்களே ஒதுக்கப்படுகின்றன. உணவு வழங்காமையால் உணவின் விலை மட்டும் மிச்சமாவதில்லை. உணவுத் தட்டுகளை ஏற்றி இறக்கும் நேரமும், குப்பையை அகற்றும் நேரமும் மிச்சமாகின்றன.

நிறுவனங்களால் குறைக்க இயலாத பெருஞ்செலவு எரிபொருள். வானூர்தி எரிபொருள் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கொண்டுவரப்படவில்லை. மாநிலங்களின் மதிப்புக்கூட்டு வரியே அதற்கு விதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இவ்வரி 29 விழுக்காடாக இருந்து வந்துள்ளது. இது நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று.

விலை ஏன் மாறுகிறது

ஒரே வானூர்தியில் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருக்கும் இருவர் செலுத்திய கட்டணம் ஒன்றுக்கு மூன்று மடங்கு வேறுபடலாம். இது ஏமாற்று அன்று. 'வருவாய் மேலாண்மை' எனப்படும் கணினி முறையின் விளைவாகும்.

வானூர்தியின் இருக்கைகள் பல விலைத் தட்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, முதல் தட்டில் பத்து இருக்கைகள் 2,800 ரூபாய்க்கும், அடுத்த தட்டில் பதினைந்து இருக்கைகள் 3,400 ரூபாய்க்கும் வைக்கப்படுவதாகக் கொள்வோம். முதல் தட்டு தீர்ந்ததும் இரண்டாம் தட்டு திறக்கும். விற்பனை எதிர்பார்த்ததைவிட விரைவாக நடந்தால் மென்பொருள் கீழ்த்தட்டுகளை மூடிவிடும். மந்தமாக இருந்தால் மீண்டும் திறந்துவிடும். புறப்பாட்டுக்கு முந்தைய இறுதி நாட்களில் வருபவர் பெரும்பாலும் தவிர்க்க இயலாத காரணத்துடன் வருபவர் என்பது மென்பொருளின் கணிப்பு. ஆகையால் அப்போது உயர்ந்த தட்டுகளே எஞ்சியிருக்கும்.

இதிலிருந்து பயணிக்குப் பயன்படும் ஒரு செய்தி கிடைக்கிறது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்றாகத் தேடும்போது, கீழ்த்தட்டில் மூன்று இருக்கைகள் மட்டுமே இருந்தால், பல பதிவு முறைகள் நால்வருக்கும் மேல்தட்டு விலையையே காட்டும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்து, விலை குறைந்திருந்தால் பதிவை இரண்டாகப் பிரிப்பது பயன் தரும். ஆனால் வான்சேவை மாறும்போதோ இரத்தாகும்போதோ இரு பதிவுகளும் வெவ்வேறு வழியில் கையாளப்படலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைகளுடன் செல்வோர் பிரிக்காமல் இருப்பதே நன்று. 12 வயது வரையிலான குழந்தைக்கு, அதே பதிவில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகில் இருக்கை ஒதுக்க வேண்டும் என 2024 ஏப்ரலில் இயக்குநரகம் அறிவுறுத்தியுள்ளது.

இம்முறையின் கடுமையான முகம் திட்டமிட முடியாத பயணங்களில் வெளிப்படுகிறது. தீபாவளி, பொங்கல் நாட்களில் சென்னையிலிருந்து மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் கட்டணம் பத்தாயிரம் ரூபாயைக் கடப்பது ஆண்டுதோறும் செய்தியாகிறது. பண்டிகையையாவது முன்கூட்டியே அறியலாம். ஊரில் ஓர் இறப்பு என்ற செய்தி இரவில் வந்து, மறுநாள் காலை அடக்கத்துக்குள் சென்று சேர வேண்டியவர், ஊர்தியின் மிக விலையுயர்ந்த இருக்கையையே வாங்குகிறார். மலிவுக் கட்டணம் என்பது ஏழைகளுக்கான கட்டணம் அன்று. முன்னதாகவே முடிவு செய்து, பின்னர் மாற்றாமல் இருக்கக் கூடியவர்களுக்கான கட்டணம் ஆகும்.

தாம்பரத்திலிருந்து பயணம்

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்திலிருந்து வானூர்தி நிலையம் பெருந்தெற்குச் சாலையில் சுமார் 8 கி.மீ. தொலைவில் உள்ளது. புறநகர் மின்தொடர்வண்டியில் தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் நிலையங்களைக் கடந்து கால் மணிநேர அளவில் திரிசூலத்தில் இறங்கினால், சாலையின் எதிர்ப்புறமே வானூர்தி நிலையம். வடசென்னையிலிருந்து வருபவர் ஒரு மணிநேரத்துக்கு மேல் செலவிடும் இடத்தில் தாம்பரத்தார் சில ரூபாய் பயணச்சீட்டில் சென்று சேர்கின்றனர். சென்னை மெட்ரோ 2016 செப்டம்பரில் வானூர்தி நிலையத்தை எட்டிய போதிலும் அது வடக்கு நோக்கியே செல்கிறது. தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கி.மீ. நீட்டிக்கும் திட்டம் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.

ஆயினும் வானூர்தி நிலையத்துக்கு அருகில் இருப்பவர்களே தொடர்வண்டிக்கும் பேருந்துக்கும் அருகில் இருக்கிறார்கள் என்பது கருதத்தக்கது. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பெரும்பாலான விரைவு வண்டிகள் தாம்பரத்தில் நின்று செல்கின்றன. சில இங்கிருந்தே புறப்படுகின்றன. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் பக்கத்திலேயே உள்ளது.

மதுரைப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பறக்கும் நேரம் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி வரை. ஆனால் பொதியை ஒப்படைக்கும் முகப்பு புறப்பாட்டுக்கு ஒரு மணிநேரத்துக்கு முன்பே மூடப்படுவதால், ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம் முன்னதாகச் செல்ல வேண்டும். மதுரை வானூர்தி நிலையத்தில் பொதியைப் பெற்று நகருக்குள் செல்ல மேலும் முக்கால் மணிநேரம் ஆகும். வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் நான்கு முதல் நாலரை மணிநேரம். தேஜஸ் விரைவு வண்டி தாம்பரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ ஆறு மணிநேரத்தில் செல்கிறது; இருக்கைக் கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டியது. பாண்டியன் விரைவு வண்டியில் இரவு உணவை முடித்து ஏறினால் விடியற்காலையில் மதுரை. பகல்பொழுதில் ஒரு மணிநேரமும் வீணாவதில்லை. திருநெல்வேலிக்கு வானூர்தி நிலையமே இல்லை. வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி நிலையத்தில் இறங்கி முப்பது கி.மீ.க்கு மேல் சாலையில் செல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட வந்தே பாரத் வண்டியோ தாம்பரத்தில் நின்று, சென்னை எழும்பூரிலிருந்து எட்டு மணிநேரத்துக்குள் நெல்லையை அடைகிறது.

தொலைவு கூடும்போது கணக்கு முற்றிலும் மாறுகிறது. சென்னையிலிருந்து தில்லிக்குத் தொடர்வண்டியில் ஒன்றரை நாள். வானில் மூன்று மணிநேரத்துக்குள். தாம்பரத்திலிருந்து அசாமின் சில்காட்டுக்குச் செல்லும் வாராந்திர வண்டி இரண்டு நாட்களுக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. தென்புறநகரின் கல்லூரிகளில் பயிலும் வடகிழக்கு மாணவர்களுக்கும், உணவகங்களிலும் கட்டுமானத்திலும் பணிபுரியும் தொழிலாளர்களுக்கும், பத்து நாள் விடுப்பில் ஐந்து நாட்கள் வண்டியிலேயே கழிவதைத் தவிர்த்தது இந்த நிறுவனங்கள்தாம். முன்பதிவு செய்த மலிவுக் கட்டணம் பல வேளைகளில் குளிரூட்டப்பட்ட தொடர்வண்டிப் பெட்டியின் கட்டணத்தை நெருங்கி நிற்கிறது. இழக்கப்படாத நாட்களின் கூலியையும் சேர்த்தால் வானூர்தியே மலிவு. ஐந்நூறு கி.மீ. அளவில் தொடர்வண்டி, ஆயிரத்தைக் கடந்தால் வானூர்தி என்பது தாம்பரத்திலிருந்து புறப்படுவோருக்குப் பெரும்பாலும் பொருந்தும் கணக்காகும்.

தனித்து விற்கப்படுபவை

உள்நாட்டு மலிவுச் சேவைகளில் பொதுவாக 15 கிலோ பொதியும் 7 கிலோ கைப்பையும் கட்டணத்துக்குள் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் சில நூறு ரூபாய் செலுத்த வேண்டும். நிலையத்தில் செலுத்துவதைவிட முன்னரே இணையத்தில் வாங்குவது மலிவு. சில நிறுவனங்கள் மாணவர்களுக்குக் கூடுதலாக 10 கிலோ அனுமதிக்கின்றன. கல்லூரி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். சன்னலோர இருக்கை, முன்வரிசை, உணவு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. இணையத்தில் பணம் செலுத்துவதற்கே 'வசதிக் கட்டணம்' என ஒவ்வொரு பயணிக்கும் ஒரு தொகை சேர்க்கப்படுவது விந்தையானதுதான்.

ஊரிலிருந்து திரும்பும் தமிழ்க் குடும்பத்தின் பொதி 15 கிலோவில் அடங்குவது அரிது. அரிசி மூட்டையும் எண்ணெய்த் தகரமும் தொடர்வண்டியின் இருக்கைக்கு அடியில் எடை பார்க்கப்படாமல் பயணிக்கும். கொப்பரை எளிதில் தீப்பற்றும் என்பதால் கைப்பையில் தேங்காய்க்கும் கட்டுப்பாடு உண்டு. சபரிமலைப் பயணிகளின் இருமுடித் தேங்காய்க்கு 2024–25 பருவத்தில் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது.

தாமதமும் இரத்தும்

விலையைக் குறைக்கும் அதே உத்திகளே தாமதத்தைப் பெருக்குகின்றன. ஒரே வானூர்தி விடியலில் தில்லியிலிருந்து புறப்பட்டு, சென்னை, மதுரை, மீண்டும் சென்னை, ஐதராபாத் எனச் சங்கிலியாகப் பறக்கிறது. இடைவெளி அரை மணிநேரமே என்பதால், காலையில் தில்லி மூடுபனியில் இழந்த நேரத்தை அன்று முழுதும் மீட்க இயலாது. சென்னையில் வெயில் அடிக்கும்போது மாலை வானூர்தி ஏன் மூன்று மணிநேரம் தாமதம் என்று வியப்பவருக்கு விடை இதுவாகும்.

தென்சென்னையின் மழைக்காலம் வேறொரு காரணி. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு பெருக்கெடுத்து ஓடுபாதைக்குள் வெள்ளம் புகுந்ததால் வானூர்தி நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் அதே வெள்ளத்தில் மூழ்கியிருந்தன. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் வானூர்திகள் இயக்கப்பட்டன. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலாலும், 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலாலும் நிலையம் மீண்டும் மூடப்பட்டது.

இயற்கையின் மேல் பழிபோட இயலாத நிகழ்வு 2025 டிசம்பரில் நேர்ந்தது. விமானிகளின் களைப்பைக் குறைக்கும் நோக்கில் வார ஓய்வை 48 மணிநேரமாக உயர்த்தியும், இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்தும் வகுக்கப்பட்ட விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதற்கு ஏற்ற எண்ணிக்கையில் விமானிகள் இல்லாத இண்டிகோவின் கால அட்டவணை டிசம்பர் முதல் வாரத்தில் சரிந்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேவைகள் இரத்தாயின. சென்னை உட்படப் பெருநகர நிலையங்களில் பயணிகள் தரையில் உறங்கினர். சந்தையில் பத்தில் ஆறு பங்கு ஒரே நிறுவனத்திடம் இருந்ததால் மாற்று இருக்கைகள் இல்லை. பிற நிறுவனங்களின் கட்டணங்கள் பன்மடங்கு ஏறின. ஒன்றிய அரசு டிசம்பர் 6 அன்று 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,000 கி.மீ. வரை 12,000, 1,500 கி.மீ. வரை 15,000, அதற்கு மேல் 18,000 எனத் தற்காலிக உச்சவரம்பு விதித்தது. இண்டிகோவின் சேவைகள் பத்து விழுக்காடு குறைக்கப்பட்டன. புதிய விதிகளிலிருந்து அந்நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கும் அளிக்கப்பட்டது. விமானியின் ஓய்வைக் காக்கும் விதியைப் பயணியின் வசதிக்காகத் தளர்த்த நேர்ந்ததே இந்நிகழ்வின் கவலைக்குரிய பகுதி.

பயணிகளின் உரிமைகள்

மலிவான சீட்டு வாங்கியதால் உரிமைகள் குறைவதில்லை. 2007 டிசம்பர் 14 அன்று மூடுபனியால் பல மணிநேரம் தாமதமான தில்லி–ஐதராபாத் சேவை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 சூலையில் தீர்ப்பளித்தது. தாமதத்துக்கு மூடுபனியே காரணம் என்பதால் பயணிக்கு வழங்கப்பட்டிருந்த இழப்பீட்டை நீக்கிய போதிலும், மலிவுக் கட்டண நிறுவனம் என்ற காரணத்தால் தாமதத்தின்போது அளிக்க வேண்டிய குறைந்தபட்ச வசதிகளை மறுக்க முடியாது என்பதை நீதிமன்றம் தெளிவாக்கியது.

இயக்குநரகத்தின் விதிகளின்படி, உரிய முன்னறிவிப்பின்றிச் சேவை இரத்தானால், பணத்தைத் திரும்பப் பெறுவதோடு, ஒரு மணிநேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணிநேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய் என்ற அளவிலோ, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையிலோ, எது குறைவோ அது இழப்பீடாகக் கிடைக்கும். இதில் 'எது குறைவோ' என்ற சொற்களையே பயணி ஊன்றிப் படிக்க வேண்டும். 2,500 ரூபாய் சீட்டுக்கு 5,000 கிடைக்காது. புயல், வெள்ளம் போன்ற நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு இழப்பீடு இல்லை. இருக்கைக்கு மேல் சீட்டு விற்று, உரிய நேரத்தில் வந்தவரை ஏற்ற மறுத்தால், ஒரு மணிநேரத்துக்குள் மாற்று ஏற்பாடு செய்யாத நிறுவனம் 24 மணிநேரத்துக்குள் ஏற்பாடு செய்தால் 10,000 ரூபாய் வரையும், அதற்கு மேலானால் 20,000 ரூபாய் வரையும் தர வேண்டும். தாமதம் ஆறு மணிநேரத்தைக் கடக்கும் எனத் தெரிந்தால் மாற்றுச் சேவையையோ முழுப் பணத்தையோ பயணி கோரலாம்.

பயணியே சீட்டை விலக்கும்போது நிலைமை வேறு. தொடர்வண்டியில் முன்கூட்டியே விலக்கினால் சிறு தொகை மட்டும் பிடிக்கப்படும். மலிவு வான்சீட்டில் விலக்கல் கட்டணம் சீட்டின் அடிப்படை விலையையே விழுங்கிவிடக் கூடும். எனினும் அது அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் தாண்டக் கூடாது. நிலையப் பயன்பாட்டுக் கட்டணங்கள் முதலியவை திருப்பித் தரப்பட வேண்டும். தொகை சிறிது என்பதால் பலர் கேட்பதே இல்லை. ஏழு நாட்களுக்கு மேல் முன்னதாக வாங்கிய சீட்டை 24 மணிநேரத்துக்குள் கட்டணமின்றி விலக்கும் வாய்ப்பு 2016 இல் கொண்டுவரப்பட்டது. இக்கால அளவை 48 மணிநேரமாக்கும் வரைவு 2025 நவம்பரில் வெளியிடப்பட்டது.

முறையீடுகளை 2016 இல் தொடங்கப்பட்ட ஏர்சேவா தளத்தில் பதியலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையிடுபவர் வாழும் இடத்திலேயே வழக்குத் தொடர வழிசெய்கிறது. ஆகவே தாம்பரத்தில் வசிப்பவர் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் குருகிராமுக்குச் செல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும்.

நிறுவனம் நின்றுபோனால் இவ்வுரிமைகளால் பெரும்பயன் இல்லை. 2014 டிசம்பர் 17 அன்று எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்ததால் ஸ்பைஸ்ஜெட்டின் வானூர்திகள் பல மணிநேரம் தரையில் நின்றன, அது மீண்டது. கோஏரின் பிற்காலப் பெயரான கோ பர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது, மீளவில்லை. 2025 சனவரியில் அதைக் கலைக்க ஆணையிடப்பட்டது. அதில் முன்பதிவு செய்திருந்தவர்கள் கடன்கொடுத்தோரின் நீண்ட வரிசையில் நிற்க நேர்ந்தது. மூன்று மாதங்களுக்கு முன் வாங்கும் மலிவுச் சீட்டு, உண்மையில் பயணி நிறுவனத்துக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன்.

நிலையத்தைச் சுற்றி

பயணிகள் பெருகியதன் சுமையை ஒருபோதும் பறக்காதவர்களும் ஏற்கின்றனர். பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர், கவுல் பசார் முதலிய பகுதிகள் நிலையத்தை ஒட்டியுள்ளன. வானூர்திகளின் இரைச்சல் அங்குள்ள பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் அன்றாடச் செய்தி. கட்டடங்களின் உயரத்துக்கு வானூர்தி நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று தேவைப்படுவதால், இப்பகுதிகளில் மாடி கட்டுவதும் எளிதன்று. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகளை இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானதால், இச்சிக்கல்களில் பல இப்போது ஒரே உள்ளாட்சியின் எல்லைக்குள் வருகின்றன.

மீனம்பாக்கத்தில் விரிவாக்கத்துக்கு நிலம் அரிது. ஒரு பக்கம் அடையாறு, மறுபக்கம் திரிசூல மலையும் பெருந்தெற்குச் சாலையும் உள்ளன. இந்நெருக்கடியால், காஞ்சிபுரம் அருகேயுள்ள பரந்தூரில் இரண்டாவது வானூர்தி நிலையம் அமைக்கப்படும் என 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்துள்ளது. தம் நீர்நிலைகளும் விளைநிலங்களும் அழியும் எனக் கூறி ஏகனாபுரம் உள்ளிட்ட சிற்றூர்களின் மக்கள் அறிவிப்பு வெளியான காலம் முதல் போராடி வருகின்றனர். மீனம்பாக்கம் நிலையமும் தொடர்ந்து இயங்கும் என்று அரசு கூறியுள்ளது. எந்த நிறுவனத்தின் சேவைகள் எந்த நிலையத்திலிருந்து புறப்படும் என்பதைப் பொருத்தே, திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடக்கும் தாம்பரத்துப் பயணியின் கணக்கு அமையும்.